புகைக்குழாயில் வெள்ளைத் துணி

லாரி வந்து நின்றதும் டேனியல் என்ஜின் பக்கம் போகமாட்டார். நேராகப் புகைக்குழாயிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது ஆறும்வரை காத்திருப்பார். ஆறியதும் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகல வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, குழாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். பிறகு பேனாவால் துணியின் ஓரத்தில் வண்டி எண்ணை எழுதி, நான்காக மடித்து அதே பையில் போட்டுக்கொள்வார். அதுவரை டிரைவர் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையோரம் அவருடைய மெக்கானிக் ஷெட். மேலே தகரம், கீழே ஆயில் குடித்துக் கறுத்த மண். இரண்டு லாரிகள் நிற்க இடமுண்டு. அதை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். என்னிடம் ஆதார் நகலெடுக்க வருகிறவர்கள் அவர் ஷெட்டின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசப் பழகிவிட்டார்கள். என் வெள்ளைத் தாள்களில் அவருடைய கரி வந்து படிகிறது என்று பலமுறை சண்டைக்குப் போயிருக்கிறேன். “நாளிக்கு நடுவுல ஒரு தடுப்பு கட்டிர்றேன்ணா” என்பார். அந்த ‘நாளிக்கு’ இன்னும் விடியவில்லை.

துணிகளை வெட்டித் தருவது அவர் மனைவி ரோஸ்லின். பழைய வேட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை, எதுவானாலும் வெள்ளையாக இருக்க வேண்டும். “கலர் துணி பொய் சொல்லும்ணா” என்பது டேனியல் கட்சி. வேலை முடிந்த வண்டியின் துணி பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். ஷெட்டின் மூலை அலமாரியில் அப்படி மூன்று டப்பாக்கள் இருக்கின்றன. விருந்தாளிக் குழந்தைகள் ஆசையாகத் திறந்து பார்த்து முகம் சுளித்ததை ரோஸ்லின் சொல்லிச் சிரிப்பார்.

டேனியலுக்கு வயது நாற்பத்தேழு. ஒல்லி உடம்பு. கேபினுக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றி விட்டு ஏறுவார். கோளாறு என்னவென்று பிடிபடும்வரை சோற்றில் கை வைக்கமாட்டார். பிடிபடாத நாட்களில் அந்தச் சோறு சாயங்காலம் தெரு நாய்க்குப் போகும். டீயை வாங்கி டயர்மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவார். வண்டிக்கு என்ன கோளாறு என்று டிரைவரிடம் கேட்கும் வழக்கமும் கிடையாது. “நாலு நாளா எங்கெங்க போச்சி? இன்னா லோடு? டீசல் எந்த பங்க்குல போட்டீங்க? வேற யாராச்சும் ஓட்டுனாங்களா?” என்று ஆரம்பிப்பார். “போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ கேக்க மாட்டாங்கணா” என்று டிரைவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் அவரிடம் ஸ்கேனர் இருக்கிறது. லாரியின் கம்ப்யூட்டரோடு அதை இணைத்தால் கோளாறுக்கு ஒரு எண் காட்டும். அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு என் கடைக்கு வருவார். “இத கொஞ்சம் போட்டுப் பாருங்கணா.” நான் இன்டர்நெட்டில் தேடித் தமிழில் சொல்வேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “இது எங்க வலிக்குதுனுதான் சொல்லும். ஏன் வலிக்குதுனு நாம்பதான் கேட்டுக்கணும்” என்று திரும்பிப் போவார்.

இவ்வளவு பயப்படுகிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மற்றவர்கள் நெஞ்சில் கை வைத்து “சரியாய்டும், எடுத்துக்கினு போ” என்பார்கள். டேனியல் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. “பாப்பம்ணா” என்பார், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போதும் எச்சில் விழுங்குவார்.

அவரை அதிகம் படுத்துவது கேட்டலிக் கன்வெர்டர். புதிய லாரிகளில் புகைக்குழாய் வழியில் அரிசி மூட்டை அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே தேன்கூடு போலப் பீங்கான். என்ஜின் விடும் புகை அந்தக் கூட்டின் கண்களுக்குள் நுழைந்து, விஷம் முறிந்துதான் வெளியே வரவேண்டும். அதற்குத் துணையாக, பக்கத்தில் நீலமூடி போட்ட சின்ன டாங்கில் யூரியா கரைத்த தண்ணீர் இருக்கும். அது புகைமேல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பெட்டி அடைத்துக்கொண்டால் டிரைவர் எதிரே மஞ்சள் விளக்கு எரியும். கவனிக்காமல் ஓட்டினால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்து, கடைசியில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும். புதுப் பெட்டி போடுவது ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு ஒரு வருட உழைப்பை அள்ளிக் கொடுப்பது மாதிரி. ஆகையால் “மாத்தணுமா, வேணாமா?” என்று யாராவது கேட்டால் டேனியலுக்கு வியர்த்துவிடும்.

குறுக்கு வழியும் உண்டு. நான்கு கடை தள்ளி வெல்டிங் வைத்திருக்கும் பாக்யராஜ், பெட்டியை வெட்டித் திறந்து, உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவை ஒட்டித் தந்துவிடுவார். டேனியல் அந்த வேலைக்கு ஆள் அனுப்பமாட்டார். “அந்தக் குழாயில தெனம் மூஞ்ச வைக்கறவன் நானு. உள்ளருந்து இன்னா வருதுனு எனக்குத் தெரியும். பின்னால பைக்குல கொழந்தய உக்கார வெச்சிக்கினு வர்றவனுக்குத் தெரியாது” என்றார் ஒரு தடவை. அன்றைக்கு அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு உயர்த்தியதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இந்தப் பயம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நெட்டப்பாக்கம் அய்யனார் தம் சொந்த லாரியைக் கொண்டுவந்து விட்டார். வேப்பம் புண்ணாக்கு மூட்டைகளோடு வழியில் இழுவை இல்லாமல் நின்ற வண்டி. டேனியல் துணி விட்டுப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், ஒரே நாளில் “மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டார். அய்யனார் கறவை மாடுகள் இரண்டையும் விற்றுப் புதுப் பெட்டி போட்டார். மூன்றே மாதத்தில் அதுவும் அடைத்துக்கொண்டது. அய்யனார் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “உன்மேல தப்பு இல்லப்பா, என் நேரம்” என்று சொல்லி லாரியை விற்றுவிட்டார். இப்போது வேறொருவரின் செங்கல் லாரியை ஓட்டுகிறார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் கடலூர்ப் பக்கமிருந்து அந்தச் செங்கல் லாரி வரும். ஷெட்டை நெருங்கும்போது அய்யனார் இரண்டு ஹாரன் அடிப்பார். பழகிய மனிதருக்கு வைக்கும் வணக்கம், வேறொன்றுமில்லை. ஆனால் தூரத்தில் முதல் ஹாரன் கேட்டதுமே டேனியல் நிற்கிற வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வார். வண்டி இல்லாத நாளில் என் கடைக்குள் வந்து, ஏற்கெனவே அடுக்கியிருக்கும் காகிதக் கட்டுகளைக் கலைத்து அடுக்குவார். “அவரு திட்டியிருந்தார்னா நான் தூங்கியிருப்பேன்ணா” என்று ஒருநாள் தாள்களைப் பார்த்துச் சொன்னார்.

போன மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். கரும்பு லோடோடு ஒரு லாரி சாலையிலிருந்து மெல்ல இறங்கி ஷெட்டுக்கு முன்னால் நின்றது. கரையாம்புத்தூர் ராஜ்மோகனுடைய வண்டி. சொந்தக் கரும்பையும் அக்கம்பக்கத்தார் கரும்பையும் ஆலைக்கு ஏற்றுகிறவர். பக்கத்தில் அவர் மனைவி இளவரசி உட்கார்ந்திருந்தார். இருவர் முகத்திலும் தூக்கமில்லை.

டேனியல் வழக்கம்போலக் குழாயிடம் போய் உட்கார்ந்தார். ராஜ்மோகனுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணா, நேத்து வெட்டுன கரும்பு. ஆலை குடுத்த வெட்டு உத்தரவு இன்னிக்கி வரைக்குந்தான். காய காய எட கொறஞ்சிக்கினே இருக்குது. நீங்க பாட்டுக்கு உக்காந்துக்கினு இருக்கறீங்க?”

“ஆறட்டும்பா.”

“மஞ்ச வெளக்கு நாலு நாளா எரியுது. இன்னும் மூணு மணி நேரம் ஓடுனா வண்டி இருபதுக்கு எறங்கிடும்னு காட்டுது. கம்பெனி ஆளுக்குப் போன் பண்ணேன். பெட்டிய மொத்தமா மாத்தணுமாம், வேற வழியே இல்லியாம்.”

டேனியல் துணியை விட்டு எடுத்தார். கரியின் ஓரத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் எச்சில் விழுங்கியது எனக்குத் தெரிந்தது. ஸ்கேனர் காட்டிய எண்ணோடு என்னிடம் வந்தார். தேடிப் பார்த்துச் சொன்னேன்: கேட்டலிக் கன்வெர்டர் சரியாக வேலை செய்யவில்லை.

“அது எனக்கும் தெரியும்ணா” என்று முனகிவிட்டுப் போனார்.

இளவரசி ஷெட்டுக்குள் இறங்கி வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் ஒரு தெளிவு. “மாத்தணும்னா மாத்தணும்னு சொல்லிடுங்கணா. எங்க மாமனாரு ரெண்டு மாட்டையும் புடிச்சிக் குடுத்துர்றேன்னு காலையிலயே சொல்ட்டாரு. ஆனா மாத்துனா சரியாய்டுமான்னு மட்டும் சொல்லுங்க.”

மாடு என்ற சொல் டேனியலை எங்கே தொட்டது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கையிலிருந்த ரப்பர் சுத்தியல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் அப்படியே வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெகு நேரம் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், மறுபடி தட்டுவார். உள்ளே பீங்கான் உடைந்திருந்தால் கலகலக்குமாம். பதினோரு மணி ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. ராஜ்மோகன் சாலைக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெயில் ஏற ஏறக் கரும்புத் தோகையின் வாசம் கூடிக்கொண்டே வந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன் மனிதா என்று உள்ளுக்குள் திட்டினேன்.

அடியிலிருந்து வெளியே வந்தவர் யூரியா டாங்கின் நீலமூடியைத் திறந்தார். புதுத் துணி ஒன்றை உள்ளே தோய்த்து எடுத்து மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தார். ஈரத் துணியோடு ஓட்டமும் நடையுமாக என் கடைக்கு வந்து அதை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாருங்கணா. நானா நெனச்சிக்கறனா, நெசமாவே அடிக்குதான்னு சொல்லுங்க.”

“வேப்பெண்ணெய் மாதிரி இருக்கே?”

டேனியல் முகத்தில் ரத்தமே இல்லை. ரோஸ்லின் வீட்டார் பக்கம் அரைக் காணி குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் யூரியா இறைப்பது இவர்தான். இப்போது வரும் வயல் யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசித்தான் மூட்டையில் வருகிறது. இறைத்த கையில் அந்த வாசம் மறுநாள்வரை நிற்கும். லாரிக்கு ஊற்றும் கேன் யூரியாவில் அது இருக்கவே கூடாது.

திரும்பிப் போய் மெதுவாகக் கேட்டார். “ராஜ்மோகன், டாங்க்குல இன்னா ஊத்தறீங்க?”

“கேன் யூரியாதான்ணா. பங்க்குல வாங்கறதுதான். எம் புள்ளைங்க மேல சத்தியமா!”

“கோவப்படாதபா. நான் குத்தம் சொல்லல. வேற யாராச்சும்...”

“நான்தான்ணா ஊத்துனேன்” என்றார் இளவரசி.

ராஜ்மோகன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“போன மாசம் இவரு ஆலை க்யூல ரெண்டு நாள் நின்னுட்டு வந்தாரு. கேன் தீந்துபோயிருந்திச்சி. காலையில நாலு மணிக்கே லோடு ஏத்தணும். கேன் மேல எழுதியிருந்தத படிச்சேன். யூரியா முப்பத்தி ரெண்டரை சதவீதம், மிச்சம் தண்ணி. அவ்ளோதான. நானும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவதான். வூட்ல மூட்ட கெடக்குது. தராசு வெச்சி எடை போட்டு, ஆர்.ஓ. தண்ணியில கலக்கி, புது வேட்டியில ரெண்டு தடவ வடிகட்டித்தான் ஊத்துனேன். ஒரு தூசு கெடையாதுணா.” மூச்சு வாங்கிக்கொண்டு, “மூணு தடவ ஊத்தியிருப்பேன். க்யூல நிக்கற பாதிப் பேரு வண்டியில இப்பிடித்தான் ஓடுதுனு கேள்விப்பட்டேன்” என்றார்.

அவ்வளவு பொறுப்பாக ஒரு தவறை யாரும் செய்திருக்க முடியாது. எனக்கு அந்தப் பெண்மேல் மரியாதைதான் வந்தது. ராஜ்மோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டேனியல் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“கணக்கு சரிதாம்மா. யூரியாவுந்தான் சரி. அதுமேல பூசியிருக்கற எண்ணெ வேட்டியில நிக்காது. அதுதான் போயி உள்ள ஒட்டிக்குது.”

சொல்லிவிட்டு டயர்மேல் உட்கார்ந்தார். அவர் யோசித்தது இந்த லாரியை மட்டுமல்ல என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சிறிது நேரம் கழித்து எழுந்து, பெட்டியைக் கழற்றி இறக்கினார். என்னைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் நான் வெளிச்சம் அடிக்க, மறுபக்கம் அவர் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். கூட்டின் கண்களில் பாதி வெள்ளையாக அடைத்திருந்தன. ஆனால் கூடு எங்கும் உடைந்திருக்கவில்லை.

“மாத்த வேணாம்” என்றார்.

இந்த இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து இவ்வளவு நேரான சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அடுத்து ‘ஆனா’ வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

“ஆனா கேரண்டி இல்ல. உப்பு கரைஞ்சிடும். எண்ணெ எவ்ளோ தூரம் போயிருக்குதுனு எனக்குத் தெரியாது. கழுவிப் பாப்பம். டாங்க்க கழுவாம பெட்டிய மாத்துனீங்கனா புதுசும் இப்பிடித்தான் ஆவும். அது மட்டும் நிச்சியம்.”

ராஜ்மோகன் கம்பெனி ஆள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இளவரசி ஷெட்டின் மூலையிலிருந்த இரண்டு செங்கல்லை எடுத்து அடுப்புப் போல வைத்து, “தண்ணி சுட வைக்கணுமாணா?” என்று கேட்டார். அதோடு விவாதம் முடிந்தது.

பாட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைக் கேன் கேனாக வாங்கிச் சூடாக்கினார்கள். டேனியல் ஊற்ற ஊற்றப் பெட்டியின் மறுபக்கம் பால் போல வடிந்தது. இரண்டு மணிக்குமேல் வெள்ளை குறைந்து தண்ணீர் தெளிந்தது. காற்றடித்துக் காய வைத்து, பீய்ச்சும் மூக்கைக் கழற்றி ஊற வைத்து, டாங்க்கை மூன்று தடவை அலசி, பில்டரை மாற்றி, பங்க்கிலிருந்து வாங்கிவந்த கேன் யூரியாவை இளவரசியையே ஊற்றச் சொன்னார். பெட்டியை மாட்டி வண்டியைக் கிளப்பியபோது மணி மூன்றரை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

“அது ஒடனே அணையாது. ஓட ஓட வண்டியே பாத்துக்கினு அணைக்கணும். லோடோட போங்க, சூடு ஏறும். ஆலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சிடும். இருபதுக்கு எறங்கிடுச்சினா வண்டிய ஓரங்கட்டிட்டுக் கூப்புடுங்க, நான் வர்றேன்.”

கரும்பு லாரி முள்ளோடைப் பக்கம் திரும்பி மறையும்வரை டேனியல் சாலையில் நின்றார். பிறகு ஆரம்பித்தது அவர் பாடு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினார். என் கடைக்கு வந்தார், போனார், வந்தார். “உங்க போன்லருந்து எனக்கு ஒரு ரிங் குடுங்கணா, இது வேல செய்யுதானு பாக்கணும்.” கொடுத்தேன். வேலை செய்தது. பத்து நிமிஷத்தில் மறுபடி வந்து மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நான்காவது தடவை வரும்போது கையில் பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. என் மேஜைமேல் கவிழ்த்துக் கிளறி, மடித்த துணி ஒன்றைப் பிரித்தார். அய்யனாருடைய வண்டி எண். கீழே ‘டாங்க் வாய்’ என்று அவர் கையெழுத்து; அன்று யூரியா டாங்கின் வாயில் துடைத்த துணி. துணி அப்பளம் போல விறைத்து, வெள்ளையாகப் பொரிந்திருந்தது. வெகு நேரம் மோந்தார்.

“வாசன போய்டுச்சி. ஆனா அன்னிக்கி அடிச்சிதுணா. நல்லா நெனவு இருக்குது. புண்ணாக்கு லோடாச்சே, அதான் அடிக்குதுனு நெனச்சிட்டேன். அவரும் ரெண்டு காணி பயிர் வெக்கறவரு. வூட்ல மூட்ட இல்லாமலா இருந்திருக்கும்? பெட்டிய மாத்திக் குடுத்தேன். டாங்க்க கழுவவே இல்ல. அவரு மறுபடி அதயேதான் ஊத்தியிருப்பாரு.”

“இன்னும் நிச்சயமில்லையே, டேனியல்” என்றேன்.

“அதான். இந்த வண்டி வெளக்கு அணையலனு வெச்சிக்கங்க, அப்ப கழுவறதுல பிரயோஜனம் இல்ல, அய்யனாரு வண்டிக்கும் மாத்துனதுதான் சரினு ஆய்டும்.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு நிமிஷம், அணையாம இருந்தாத் தேவலனு நெனச்சிட்டேன்ணா. அந்தப் பொண்ணு சுடுதண்ணி தூக்கித் தூக்கிக் கையெல்லாம் செவந்து போச்சி. நான் இப்பிடி நெனைக்கறேன்.”

கொஞ்ச நேரம் துணியை மடித்தார், பிரித்தார். “அணைஞ்சிடுச்சினா அவராண்ட சொல்லணுமாணா?”

நான் நல்லவன் மாதிரி யோசனை சொன்னேன். “எதுக்கு? ரெண்டு வருசமாச்சு. மனுஷன் மறந்துட்டு நிம்மதியா ஹாரன் அடிச்சிட்டுப் போறாரு. கிளறினா அவருக்கும் வேதனை, உனக்கும் வேதனை. யூரியாவ ஊத்தினதும் அவர்தானே?”

“ஊத்துனது அவருதான். கேக்காதது நானு” என்றார் டேனியல்.

ஐந்தே காலுக்குப் போன் அடித்தது. அவர் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அழுத்தி அவர் கையில் திணித்தேன். இளவரசியின் குரல் எனக்கே கேட்டது. “அணைஞ்சிடுச்சிணா! ஆலை கேட்டாண்ட வரும்போது அதுவா அணைஞ்சிது. வண்டி நல்லா இழுக்குது. இவரு ஒங்களுக்கு...”

“சந்தோசம்மா. கேன் யூரியா மட்டும் ஊத்துங்க. பத்து நாள் கழிச்சி வண்டிய ஒரு தடவ காட்டுங்க” என்று சொல்லிப் போனை வைத்தார்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன். பாஸா பெயிலா என்று பார்க்க வந்து, இரண்டும் ஒரே தாளில் இருக்கக் கண்டவர் போல நின்றார். இளவரசி வீட்டின் இரண்டு மாடுகள் அன்றைக்குத் தப்பின. விற்றுப்போன இரண்டு மாடுகள் அவர் தலைமேல் வந்து ஏறின. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் அப்படியெல்லாம் செய்துகொள்வதில்லை. டீ சொன்னேன். அவர் அதை வாங்கி டயர்மேல் வைத்தார்.

ஷெட்டில் இன்னொரு லாரி காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு கோணியும் விரித்திருந்தது. டேனியல் அதைப் பார்த்தார். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடலூர்ப் பக்கமிருந்து முதல் ஹாரன் கேட்டது.

அவர் என் மேஜைமேல் கிடந்த துணியை எடுத்துக்கொண்டார். செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நடந்து சாலையோரத்துக்குப் போனார். செங்கல் லாரி வளைவில் தெரிவதற்கு முன்பே கையைத் தூக்கினார். இரண்டாவது ஹாரன் கேட்டது. துணி பிடித்த கையை அவர் இறக்கவில்லை.